ஒரு வாய்தானே!



"வெளியே போகாதே, வீட்டுக்குள்ளேயே இரு" என்பதுதான் 2020-ஆம் ஆண்டில் நம் பிள்ளைகளிடம் நாம் அதிகமாகச் சொன்ன சொல். அவ்வாண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. பள்ளிக்கூடங்கள் மூடின, மக்தபுகள் மூடின, பள்ளிவாசல்களில் ஜமாஅத் தொழுகையும் நின்றது. நோய் தெருவில் இருக்கிறது, பாதுகாப்பு வீட்டில் இருக்கிறது என்பதே அன்று நாம் படித்த பாடம். கொரோனாவைப் பொறுத்தவரை அது சரியான பாடந்தான்.

ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அது முழுமையான பாடமன்று. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தேடி வரும் ஆபத்து தெருவிலிருந்து வருவதில்லை, அடுக்களையிலிருந்து வருகிறது. அதைக் கொண்டு வரும் கையும் பகைவனின் கையன்று; பாசம் மிகுந்த கை. உணவினால் நேரும் கடுமையான ஒவ்வாமைத் தாக்குதல்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் நேர்கின்றன என்று மருத்துவ ஆய்வுகள் பல நாடுகளில் கண்டிருக்கின்றன. அப்படியிருக்க, வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்த அந்த மாதங்களை இக்குழந்தைகள் எப்படிக் கடந்திருப்பார்கள்? இதை நாம் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

முதலில், ஒவ்வாமை என்பது என்ன? வயிற்றுக்குச் சேராமை வேறு, ஒவ்வாமை வேறு. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவருக்குத் துன்பம் உண்டு, உயிராபத்து இல்லை. ஒவ்வாமையில் நடப்பது வேறு. நோய்க்கிருமியை எதிர்க்க அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் காவற்படை, நிலக்கடலையிலோ முட்டையிலோ உள்ள புரதத்தைப் பகைவன் என்று தவறாக எண்ணிவிடுகிறது. அதை அடையாளம் காண ஒரு தனிப் பொருளை இரத்தத்தில் ஆயத்தம் செய்து வைக்கிறது. மறுமுறை அந்த உணவு உள்ளே சென்றதும், சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், ஹிஸ்டமின் முதலான பொருள்கள் உடலெங்கும் கொட்டப்படுகின்றன. உடலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, குரல் கம்முதல், மூச்சிரைப்பு, மயக்கம் என்று அது வளரலாம். இதன் கடுமையான நிலைக்கு அனபிலாக்ஸிஸ் என்று பெயர். அதை ஆராய்ந்து பெயரிட்ட பிரெஞ்சு நாட்டு அறிஞர் சார்லஸ் ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார். நூறாண்டுக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்த ஒன்றை நம் இல்லங்கள் பல இன்றும் அறியாதிருப்பதுதான் வருத்தத்துக்குரியது.

இனி, 2020-ஆம் ஆண்டின் ரமலானை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஏப்ரல் 25-இல் நோன்பு தொடங்கிற்று; மே 25-இல் பெருநாள். பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச வழியில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் நோன்புக் கஞ்சி கொதித்தது. உணவகம் சென்று உண்ண இயலாததால், வடையும் சமோசாவும் வீட்டிலேயே பொரிந்தன. வெளியூரில் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பி, மூன்று தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் கூடியிருந்தது. அது ஒரு வகையில் பரகத்தே. ஆயினும் அடுக்களையில் அடுப்பேற்றும் கைகள் பெருகின. குழந்தைக்கு ஊட்டும் கைகளும் பெருகின. பெற்ற தாய்க்கு மட்டுமே தெரிந்த ஒரு செய்தியை அத்தனை கைகளும் அறிந்திருந்தனவா?

நம் சமையலின் சிறப்பே ஒன்றுக்குள் ஒன்றை மறைத்து வைப்பதுதான். குருமா கெட்டிப்பட முந்திரியை அரைத்து ஊற்றுகிறோம். முந்திரி விலை ஏறினால் நிலக்கடலையை அரைக்கிறோம். வட்டிலாப்பத்தில் முட்டை இருக்கிறது. மேலே முந்திரியும் இருக்கிறது. ஷீர் குருமாவில் பாலும் பாதாமும் பிஸ்தாவும் இருக்கின்றன. சம்பலில் மாசித் தூள் கலந்திருக்கும்; அது மீன். வடை பொரித்த எண்ணெயிலேயே இறால் பொரிப்பதும், பின் அதிலேயே குழந்தைக்கு அப்பளம் பொரிப்பதும் எந்த வீட்டில்தான் நடவாதது? ஊரடங்குக் காலத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது. ஏப்ரல் மாதத்தில் கடைகள் பிற்பகல் 1 மணிக்கே அடைத்தன. வழக்கமாக வாங்கும் மாவு கிடைக்காது. வழக்கமான பிஸ்கட் கிடைக்காது. கிடைத்ததை வாங்கிக் கிடைத்ததைச் சேர்த்துச் சமைத்தோம். பழகிய பண்டத்தில் பழகாத பொருள் புகுந்துகொள்ள இதுவே வழியாகும்.

இது நம் அடுக்களைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. சரக்குத் தட்டுப்பாட்டினால் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமே 2020 மே மாதத்தில், முகப்புச் சீட்டை மாற்றாமல் சிறு சேர்மானங்களை மட்டும் மாற்றிக்கொள்ள உணவு நிறுவனங்களுக்குத் தற்காலிகச் சலுகை அளித்தது. ஆனால் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள் எதுவும் அவ்வாறு புகுந்துவிடக் கூடாது என்று அதற்கு ஒரு வரம்பும் கட்டியது. ஓர் அரசாங்கம் தன் சலுகைக்குக் கட்டிய அந்த வரம்பை, நாம் நம் அடுக்களைக்குக் கட்டிக்கொள்ள வேண்டாமா?

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். நிலக்கடலை ஒவ்வாத ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன். பாட்டியார் அவனை மடியில் இருத்தியிருக்கிறார். உம்மும்மா என்றோ, பெத்தும்மா என்றோ, நன்னிமா என்றோ ஊருக்கு ஊர் அவரை எப்படி அழைத்தாலும், அவருடைய பாசம் ஒன்றுதான். கடலை உருண்டையைக் கிள்ளி எடுக்கிறார். "வேண்டாம் மாமி, இவனுக்குச் சேராது" என்கிறாள் மருமகள். "ஒரு வாய்தானே! நாங்களெல்லாம் இதைத் தின்றுதானே வளர்ந்தோம்? பிஸ்மி சொல்லிக் கொடுக்கிறேன், ஒன்றும் செய்யாது" என்கிறார் மாமியார். மருமகள் மறுபடியும் மறுத்தால் மரியாதைக் குறைவு. மௌனமாக இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து. எத்தனை இளந்தாய்மார்கள் இந்த இடத்தில் நின்று தவித்திருப்பார்கள்!

"ஒரு வாய்தானே" என்ற சொல்லில் மூன்று தவறான எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, சிறிதளவு கெடுதல் செய்யாது என்பது. ஒவ்வாமை அளவைப் பார்த்து வருவதில்லை. சில குழந்தைகளுக்குக் கரண்டியில் ஒட்டியிருக்கும் துணுக்கே போதும். சென்ற முறை தடிப்போடு நின்றது என்பதால் இம்முறையும் அப்படியே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குழந்தைக்கு ஆஸ்துமா கட்டுப்படாமல் இருந்தாலோ, காய்ச்சல் சளி இருந்தாலோ அதே அளவு உணவு கடுமையாகத் தாக்கக்கூடும்.

இரண்டாவது, கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும் என்பது. பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடுவது உண்மை. நிலக்கடலை, முந்திரி, மீன், இறால் ஆகியவற்றின் ஒவ்வாமை அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை. நீங்கிவிட்டதா என்று அறிய வேண்டுமானால், மருத்துவமனையில் மருந்துகளை அருகில் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனைகளைக்கூடக் கொரோனா காலத்தில் பல நாடுகளில் ஒத்திவைத்தார்கள். மருத்துவரே ஒத்திவைத்த சோதனையை நம் அடுக்களையில் நடத்துவது அறிவாகுமா?

மூன்றாவது, உடலில் தடித்தால் அது காணாக்கடி அல்லது கண்ணேறு என்பது. கண்ணேறு உண்மை என்பதை நாம் மறுக்கவில்லை. ஓதிப் பார்ப்பதையும் தடுக்கவில்லை. ஆனால் ஒரே உணவுக்குப் பின் ஒவ்வொரு முறையும் தடிப்பு எழுமானால், ஓதும் நாவோடு ஓடும் கால்களும் வேண்டும். மருத்துவம் செய்துகொள்ளுமாறு தம் தோழர்களை ஏவியவர்கள் அல்லவா நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்?

அடுத்து, மருத்துவமனை அச்சம். அந்நாட்களில் மருத்துவமனைக்குப் போனால் கொரோனா தொற்றிக்கொள்ளுமோ என்று அனைவரும் அஞ்சினோம். உலகின் பல நாடுகளில் அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை 2020-இல் வெகுவாகக் குறைந்தது. "இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம்" என்று காத்திருந்த பெற்றோர் எங்கும் இருந்தனர். காத்திருக்கத்தக்க நோய்கள் உண்டு. இது அவற்றுள் ஒன்றன்று.

அனபிலாக்ஸிஸுக்கு முதல் மருந்து ஒன்றே ஒன்றுதான்: அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில், குழந்தையின் எடைக்கேற்ற அளவில் அது போடப்படுகிறது. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையும் மருந்து நீரும் தடிப்பைத் தணிக்கலாம். அடைபடும் மூச்சுக் குழாயைத் திறக்க அவற்றால் ஆகாது. இந்த ஊசி மருந்து அரிதான ஒன்றுமன்று. 2021-இல் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்ட பின் நம்மை அரை மணி நேரம் உட்கார வைத்தார்களே, நினைவிருக்கிறதா? ஆயிரமாயிரம் பேரில் எவருக்கேனும் இந்த ஒவ்வாமைத் தாக்குதல் வந்துவிட்டால் உடனே ஊசி போடத்தான் அந்தக் காத்திருப்பு. பெரியவர்களுக்காக அத்தனை விழிப்போடு இருந்த நாம், குழந்தையின் சோற்றுத் தட்டருகே அதே விழிப்போடு இருக்கக் கூடாதா?

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். அட்ரினலின் போட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதே நெடுநாளைய விதி. 2020-இல் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் சிலர், தொற்று உச்சத்தில் இருந்த வேளையில், ஊசியால் அறிகுறிகள் முற்றிலும் அடங்கிவிட்ட குழந்தையை வீட்டிலேயே வைத்துக் கவனிக்கலாம் என்று ஒரு தற்காலிக வழிமுறை வகுத்தனர். "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமாம்" என்று அந்தச் செய்தியின் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வது ஆபத்து. அது கையில் ஊசியை ஆயத்தமாக வைத்திருந்த வீடுகளுக்குச் சொல்லப்பட்டது. தானே குத்திக்கொள்ளும் பேனா போன்ற ஊசிக்கருவி நம் நாட்டு மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே நமக்குரிய வழி, அறிகுறி கண்டவுடன் 108-ஐ அழைப்பதும், அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைவதும், வாசலிலேயே "உணவு ஒவ்வாமை, மூச்சு முட்டுகிறது" என்று சொல்வதும்தான். முன்பு கடுமையாகத் தாக்குண்ட குழந்தையாயின், மருந்தும் சிரிஞ்சும் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுப் பயின்றுகொள்ளுங்கள். ஊர்தி வரும்வரை குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். எழுப்பி நடக்க விடாதீர்கள். அடங்கியது போலிருந்து சில மணி நேரத்துக்குப் பின் மீண்டும் தாக்குவதும் உண்டு. ஆகையால் மருத்துவர் இருக்கச் சொல்லும் நேரம்வரை அங்கேயே இருங்கள்.

கை கழுவுதலைப் பற்றியும் ஒரு சொல். கொரோனா நமக்குச் சானிடைசர் என்னும் கைத்தெளிப்பானை அறிமுகம் செய்தது. கிருமிக்கு அது நல்லது. ஆனால் கையில் ஒட்டிய நிலக்கடலைப் புரதத்தை அது போக்காது. வெறும் தண்ணீரும் முழுவதுமாகப் போக்காது. சோப்பு போக்கும் என்று 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. நாம் ஐவேளை உளூ செய்யும் சமுதாயம். தூய்மை நமக்குப் புதிதன்று. கடலை உண்ட கையோடு குழந்தையைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவுவதை அத்தூய்மையோடு சேர்த்துக்கொள்வோம்.

பொட்டலங்களை வாங்கும்போது நம் கண் முதலில் ஹலால் முத்திரையைத் தேடுகிறது. பாராட்டத்தக்க பேணுதல் அது. அதே கண் இன்னும் இரண்டு வரி கீழே இறங்கட்டும். கோதுமை முதலான பசைத் தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, பருப்புக் கொட்டைகள், சோயா ஆகியவை கலந்திருந்தால் அதைத் தனியே குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பச்சைப் புள்ளி இருந்தால் கவலையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அது சைவம் என்பதற்கு அடையாளம். பாலும் முந்திரியும் கடலையும் சைவந்தான். முகப்புச் சீட்டே இல்லாத பேக்கரிப் பண்டத்தை, ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கேட்டறியாமல் கொடுக்க வேண்டாம்.

விருந்தோம்பலில் நமக்கு நிகர் யார்? வற்புறுத்தி உண்ண வைப்பதே நம் அன்பின் அளவுகோல். ஆனால் அண்ணலாரின் உணவு ஒழுக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். ஒருமுறை பொரித்த உடும்பு இறைச்சி அவர்கள் முன் வைக்கப்பட்டது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று தோழர் காலித் பின் வலீத் (ரலி) வினவ, விலக்கப்பட்டதன்று, தம் மக்கள் வாழும் மண்ணில் இல்லாததால் தமக்கு அது பிடிக்கவில்லை என்று விளக்கினார்கள். காலித் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. யாருக்கும் மனக்குறையும் இல்லை. பிடிக்கவில்லை என்பதற்கே இத்தனை இடம் அளித்த மார்க்கம், உயிருக்கு ஆகாது என்பதற்கு எத்தனை இடம் அளிக்கும்! தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது நம் ஃபிக்ஹுக் கலையின் ஐந்து பெரும் விதிகளுள் ஒன்று. எனவே, "என் பிள்ளைக்கு இது ஆகாது" என்று மறுக்கும் தாய் மரியாதை தவறியவள் அல்லள், அமானிதத்தைக் காப்பவள்.

அதே வேளையில், அச்சம் எல்லை மீறவும் கூடாது. ஒருமுறை தடித்தது என்பதற்காகப் பாலையும் முட்டையையும் மீனையும் தாமாகவே நிறுத்திவிட்டுக் குழந்தையை மெலிய விடுவதும் தீங்கே. எது ஒவ்வாதது என்பதை மருத்துவர் உறுதி செய்யட்டும். கைக்குழந்தைகளுக்கு இவ்வகை உணவுகளை நெடுநாள் தள்ளிப் போடுவது நல்லது என்று முன்பு கருதினர். இலண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றிவிட்டது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த அக்குழந்தைகளுள், முதல் வயதுக்குள்ளேயே உரிய வடிவில் நிலக்கடலை கொடுக்கப்பட்டவர்களிடம் ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை மிகக் குறைவாகவே காணப்பட்டது. ஆனால் கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கோ, முன்னமே ஓர் உணவு ஒவ்வாத குழந்தைக்கோ மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். முழுக் கடலையைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பது எப்போதும் ஆபத்து, தொண்டையில் சிக்கும்.

ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சஹனில் கூடி அமர்ந்து உண்ணும் நாட்கள் திரும்பிவிட்டன; பள்ளிவாசல்களில் கஞ்சி மணக்கிறது; கத்தம் ஓதி முடித்தால் மதரஸாக்களில் நார்ஸா வழங்குகிறோம். ஒரே தட்டில் பலர் கை வைக்கும்போது ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தனித் தட்டு வேண்டும். ஆனால் தனி மூலை வேண்டாம். அதே விரிப்பில், அதே வரிசையில், அவனுக்கு ஆகும் உணவோடு அவன் அமரட்டும். பிற பிள்ளைகள் "நீ ஏன் தின்ன மாட்டாய்?" என்று சீண்டினால், அவர்களுக்கு எடுத்துச் சொல்வது உஸ்தாதின் கடமை. எங்கள் கையில் ஒப்படைக்கப்படும் பிள்ளைகளுக்கு எது ஆகாது என்பதைச் சேர்க்கும் நாளிலேயே பெற்றோர் எழுதித் தரட்டும். தராவிட்டால் நாங்கள் கேட்டு வாங்க வேண்டும். ஓதுவதற்கு வந்த பிள்ளை ஓர் இனிப்புத் துண்டால் துன்பமடையலாகாது.

சகோதரிகளே! இன்றே ஒரு தாளை எடுங்கள். பிள்ளையின் பெயர், ஆகாத உணவு, தோன்றும் அறிகுறிகள், செய்ய வேண்டியது, அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். எழுதப் படிக்க அறியாத பெரியவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். மறந்தால் மீண்டும் சொல்லுங்கள். சகோதரர்களே! உங்கள் தாயாரிடம் இதைச் சொல்லும் பொறுப்பை மனைவியின் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். மகன் பணிவோடு சொன்னால் தாய் கேட்பார்.

பெரியோர்களே, பாட்டிமார்களே! உங்கள் பாசத்தை யாரும் ஐயுறவில்லை. அந்தப் பாசத்தின் பெயராலேயே கேட்கிறோம்: "ஒரு வாய்தானே" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். "இது அவனுக்கு ஆகுமா?" என்று தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்வியும் பாசந்தான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். எச்சரிக்கை நம் கையில். காப்பு அவன் கையில். நம் மழலைகளை அவன் எல்லாத் தீங்கிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.